கைக்குள் கை

ஜன்னலில் நான் அறைந்தது முன்னாலா பின்னாலா என்று எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. என் நினைவில், அவள் விரல்கள் குழாயைத் தொட்ட பிறகுதான் அறைந்தேன். ஆனால் என் நினைவு எப்போதும் எனக்காகவே சாட்சி சொல்கிற ஆள். அதன் பேச்சை முழுக்க நம்புவதற்கில்லை. அன்று நல்ல வெயில் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் குடையோடு கிளம்பிப் போனதாக என் மனைவி சொல்கிறாள். ஆகவே உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு மேல்நிலைப் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் இருபத்தாறு வருடம் உதவியாளராக இருந்தேன். அங்கே எல்லோருக்கும் நான் ‘லேப் அண்ணா’. பதினேழு வயதுப் பையனும் அண்ணா என்பான், ஓய்வு பெறப்போகும் கணக்கு வாத்தியாரும் அண்ணா என்பார். அமிலத்தை நீர்த்து வைப்பது, பியூரெட்டுகளைக் கழுவுவது, உடைந்ததைப் பொறுக்குவது என் வேலை. மீதி நேரத்தில் ரசாயன அலமாரிகளுக்கு நடுவே ஸ்டூலைப் போட்டு ஏதாவது படித்துக்கொண்டிருப்பேன். அதிகம் பேசுகிறவன் இல்லை. பேசாமல் இருப்பதை நல்ல குணம் என்று அப்போது எண்ணியிருந்தேன்.

என் கைகளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சர்க்கரை நோயில் பத்து விரல்களின் நுனியும் மரத்துப்போயிருந்தன. சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. இது என் மனைவிக்கு மட்டும் தெரியும். குளிக்கிற தண்ணீரில் அவள் முழங்கையை விட்டுப் பார்த்த பிறகுதான் நான் குளியலறைக்குள் போவேன். டம்ளரைத் துணி சுற்றித்தான் நீட்டுவாள். பள்ளிக்கு வருடா வருடம் மருத்துவச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். அதற்குக் கண்ணைப் பார்த்தார்கள், ரத்த அழுத்தம் பார்த்தார்கள். விரலைத் தொட்டுப் பார்த்தவர் யாரும் இல்லை. கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மரத்த கையோடு ஒருவனை அமிலத்துக்குப் பக்கத்தில் நிற்க விடமாட்டார்கள். எனக்கோ அந்த அறையை விட்டால் வேறு இடம் தெரியாது.

ஒரு மழைக்காலத்தில் ஆய்வகத்தின் கூரை விரிசல் விட்டது. பொறியாளர்கள் வந்து பார்த்து, பூட்டி, சாவியைக் கையோடு கொண்டுபோய்விட்டார்கள். அதற்குப் பதிலாக ஒரு காலி வகுப்பறையில் இருபது ஹெட்செட்டுகள் வந்து இறங்கின. வாசலில் ‘மெய்நிகர் ஆய்வகம்’ என்று பலகை மாட்டினார்கள். பிள்ளைகள் அதைக் கனவு ரூம் என்றார்கள்.

பாடங்களைத் தயாரித்த நிறுவனம் எங்கள் பள்ளியில்தான் முதலில் சோதித்துப் பார்த்தது. அவர்களுக்கு ஒரு ஜோடிக் கைகள் தேவைப்பட்டன. வேதியியல் ஆசிரியை தயங்கவில்லை. “எனக்குத் தியரிதான் வரும். கைன்னா அது எங்க லேப் அண்ணா கைதான்” என்று என்னை அனுப்பிவைத்தார். விரல் கணுக்களில் வெள்ளைப் பொட்டுகளை ஒட்டி, சுற்றிலும் கேமராக்களை வைத்து, முப்பத்தொரு சோதனைகளை இரண்டு நாளில் செய்யச் சொன்னார்கள். படம்பிடித்த பொறியாளர் பென்சிலைக் கடித்துக்கொண்டே இருக்கிற இளம்பெண்.

“நீங்க எப்பவும் செய்யிற மாதிரியே செய்யுங்க சார். எதையும் யோசிக்காதீங்க. நடுவுல சும்மா காத்திருக்கிற நேரத்தை நாங்க வெட்டிக்குவோம்” என்றாள்.

என்னை சார் என்று கூப்பிட்ட முதல் ஆள் அவள். எப்பவும் செய்கிற மாதிரியே செய்தேன். எதையும் யோசிக்கவில்லை.

பாடத்தின் முறை இது. ஹெட்செட்டை மாட்டியதும் எதிரே மேசை, பர்னர், குழாய்கள் தெரியும். மேசைக்கு மேலே இரண்டு கைகள் மட்டும், நீலமாக, புகைபோல நிற்கும். அவை என் கைகள். வலது சுண்டுவிரலின் கோணலைக்கூட விட்டுவைக்கவில்லை. மாணவர் தன் கைகளை அந்தக் கைகளுக்குள் நுழைத்து, அவை போகிற வேகத்தில் கூடவே போக வேண்டும். ஒத்துப்போனால் பச்சை, பின்தங்கினால் சிவப்பு. முடிவில் நூற்றுக்கு இத்தனை என்று பொருத்தம் காட்டும். இரண்டு வருடம் எங்கள் பிள்ளைகள் பதினெட்டுப் பேர் அப்படித்தான் வேதியியல் செய்தார்கள்.

அந்தப் பதினெட்டில் என் மகளும் ஒருத்தி. வகுப்பில் அவளுக்குக் ‘குட்டி லேப்’ என்று பெயர். தொண்ணூற்றெட்டுக்குக் கீழே அவள் பொருத்தம் இறங்கியதே இல்லை. “வீட்ல முழுசா ஒரு அப்பா, ஸ்கூல்ல கை மட்டும் ஒரு அப்பா. கை அப்பாதான் நல்லாச் சொல்லித்தர்றாரு, திட்டுறதே இல்ல” என்பாள். சாப்பிடும்போது அவள் ஸ்பூனைப் பிடிப்பதைப் பார்த்து, அச்சு அசல் அப்பன் கை என்று என் மனைவி சிரிப்பாள். எனக்குப் பெருமையாக இருந்தது. பள்ளி முடித்து வேதியியல்தான் படிப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

இறுதி ஆண்டுச் செய்முறைத் தேர்வை நிஜ ஆய்வகத்தில்தான் நடத்த வேண்டும் என்று தேர்வு வாரியம் சொல்லிவிட்டது. கூரையைச் செப்பனிட்டு, சான்றிதழ் வந்து, கதவு திறந்தது ஒரு திங்கட்கிழமை காலை. வியாழன் தேர்வு. திங்கள் சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் மேசைகளில் பரப்பி வைக்க வேண்டும். அதன் பிறகு கதவில் முத்திரை. தேர்வாளர் வந்துதான் உடைப்பார். இந்த முறை வாயு சேகரிக்கும் சோதனை வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அதில் முதல் வேலை கண்ணாடிக் குழாயைச் சுவாலையில் காட்டிச் செங்கோணமாக வளைப்பது.

பர்னர்கள் எரிகின்றனவா என்று பார்க்க நானே ஒரு குழாயை வளைத்துப் பார்த்தேன். ஆரஞ்சாக இளகியது, வளைத்தேன், ஆறவைக்கிற வெள்ளைப் பீங்கான் ஓட்டின் மேல் வைத்தேன். நிறம் உடனே போய்விட்டது. சுட்ட கண்ணாடியும் சுடாத கண்ணாடியும் பார்வைக்கு ஒன்றுதான். வளைவை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கி, காகிதத்தில் வரைந்திருந்த செங்கோணத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். சரியாகப் பொருந்தியது.

“அப்படியே பாடத்துல வர்ற மாதிரியே எடுத்தீங்கப்பா. ரெண்டே செகண்ட்.”

மகள் வாசலில் நின்றிருந்தாள். திறந்த ஆய்வகத்தைப் பார்க்க இடைவேளையில் ஓடி வந்திருக்கிறாள். மேலே சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, மூக்கைச் சுளித்து, ஏதோ கருகுகிற வாடை வருகிறதே என்று கேட்டாள். மணி அடித்தது; போய்விட்டாள்.

கருகியது என் ஆள்காட்டி விரல். குழாய்த் தண்ணீரில் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொப்புளம் எழுவது கண்ணுக்குத் தெரிந்தது, விரலுக்குத் தெரியவில்லை. இது எனக்குப் புதிதல்ல. அமிலம் பட்டது என்று வீட்டில் சொல்லிக்கொள்வேன். ஆனால் அவள் சொன்ன இரண்டு செகண்ட், தண்ணீர்ச் சத்தத்தோடு கலந்து திரும்பத் திரும்பக் கேட்டது.

கனவு ரூமுக்குப் போய் பதினான்காம் சோதனையைப் போட்டு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டேன். ஆயிரம் முறை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்திருக்கிறேன். உள்ளே போய்ப் பார்த்ததில்லை. என் கைகள் எனக்கு எதிரே மிதந்தன. அவற்றுக்குள் என் கைகளை நுழைத்தேன். சூடாக்கின, வளைத்தன, ஓட்டில் வைத்தன. ஒன்று, இரண்டு. வளைவை இரண்டு விரலால் தூக்கின. நான் வேண்டுமென்றே பின்தங்கினேன். சிவப்பு எரிந்தது. காத்திருந்த குற்றத்துக்குப் பொருத்தம் அறுபத்தொன்று.

வகுப்பு முடிந்ததும் மகளை அழைத்துவந்து அதே சோதனையைப் போட்டேன். ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொன்னேன்.

“குழாயைச் சுழற்றிக்கிட்டே சூடாக்கணும். இளகினதும் வளைக்கணும். ஓட்டுல வைக்கணும். சூடான கண்ணாடியும் ஆறின கண்ணாடியும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், அதனால ஆறுறவரைக்கும் தொடக் கூடாது” என்றாள் அவள். கடைசி வார்த்தை வாயில் இருக்கும்போதே அவள் விரல்கள் வளைவைத் தூக்கிவிட்டன. பச்சை எரிந்தது. “தொண்ணூத்தொம்பதுப்பா” என்றாள்.

ஹெட்செட்டைக் கழற்றிய பிறகு, இப்போது என்ன செய்தாய் என்று கேட்டேன். பாடத்தில் இருப்பதைத்தான் என்றாள். காத்திருந்தாயா என்றேன். அவள் கொஞ்ச நேரம் தன் கையைப் பார்த்தாள். அங்கே வெட்டியிருக்கிறார்கள், நிஜத்தில் காத்திருக்க வேண்டும் என்று மிஸ் சொல்லியிருக்கிறார்கள், எனக்குத் தெரியாதா என்றாள். தெரிந்துதான் இருந்தது. நோட்டில் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தாள். வாய்க்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. இரண்டு வருடம் அந்தக் கைக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

அப்போதே ஆசிரியையிடம் போய் உள்ளதைச் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் காலையில்தான் போனேன். போயும் பாதிதான் சொன்னேன். பதினான்காம் சோதனையில் ஆறவைக்கிற நேரத்தை வெட்டிவிட்டார்கள் மேடம், பிள்ளைகள் கையைச் சுட்டுக்கொள்வார்கள் என்றேன். அவர் பதறிப்போய் நிறுவனத்துக்கு எழுதினார். உடனே சரி செய்து தாருங்கள் என்று கேட்டுவிட்டு, அதுவரை பிள்ளைகளைக் குழப்ப வேண்டாம் என்று காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். வேதிப்பொருள் அறைக்கும் முத்திரை வைத்துவிட்டதால் என் ஸ்டூல் வராந்தாவில் இருந்தது. ஒரே பக்கத்தை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. செவ்வாய்க்கிழமை முழுவதையும் அந்தப் பாதிப் பொய் தின்றது.

புதன்கிழமை காலை ஆசிரியை போனை நீட்டியபடி வந்தார். பென்சில் கடிக்கிற பெண்ணின் பதில். மூலப் பதிவைத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். அந்த இடத்தில் எதையும் வெட்டவில்லை. உங்கள் ஆள் இரண்டு செகண்டில் எடுத்திருக்கிறார். ஆறிய குழாயை வைத்து நடித்துக் காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டோம். மாற்றித்தரப் பதினோரு நாள் ஆகும்.

“நடிச்சீங்களா அண்ணா?” என்றார்.

அவர் நகரவில்லை. வராந்தாவின் கடைசியில் யாரோ வாளியை இழுத்துப்போகும் சத்தம் கேட்டு, அடங்கியது.

“இல்ல மேடம். சுடச்சுடத்தான் எடுத்தேன். எனக்கு விரல்ல உணர்ச்சி கிடையாது.”

தலைமையாசிரியையின் அறையில் அதையே மறுபடி சொன்னேன். எத்தனை வருடமாக என்று கேட்டார். ஆறு வருடமாக என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஆறு வருஷம் பிள்ளைகளுக்கு நடுவில் அமிலம் ஊற்றிக்கொண்டிருந்தீர்களா என்று மெதுவாகக் கேட்டார். தேர்வைத் தள்ளிவைக்கக் கேட்பதற்காக வாரிய அலுவலகத்துக்கு நான்கு முறை போன் போட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. பிறகு என்னிடம், நாளைக்கு நீங்கள் ஆய்வகத்துக்குள் வரக் கூடாது என்றார்.

“மேடம், என்னை எப்படி வேணும்னாலும் அனுப்புங்க. நாளைக்கு ஒருநாள் மட்டும் உள்ள நிக்க விடுங்க. எந்தப் புள்ள எப்பக் கையை நீட்டும்னு எனக்குத்தான் தெரியும். அது என் கை.”

“தெரிஞ்சுக்கிட்டே உங்களை உள்ள விட்டேன்னா, அது என் தப்பு ஆயிடும் லேப் அண்ணா.”

அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்குப் பதிலாக விளையாட்டுச் சாமான் அறையைப் பார்த்துக்கொள்பவரைப் போட்டார்கள். பந்து அண்ணன் என்பார்கள். அவர் என்னைத் தேடி வந்து, என்னப்பா செய்ய வேண்டும் என்று கேட்டார். “எனக்குத் தெரிஞ்ச ஒரே குழாய் தண்ணிக் குழாய்தான். அதையும் திறந்தா மூடத் தெரியாது” என்றார். என்னைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னார். ஓட்டைப் பாருங்கள், ஓட்டில் வைத்த பிறகு யார் கையும் முன்னால் வரக் கூடாது, அது போதும் என்றேன்.

மிச்சமிருந்தது அரை நாள். ஆசிரியை பதினெட்டுப் பேரையும் ஒரு வகுப்பறையில் உட்காரவைத்தார். நான் கைகளை விரித்துக் காட்டிச் சொன்னேன். பின்பெஞ்சில் ஒருவன், “அப்போ நீங்க சூப்பர் ஹீரோவா அண்ணா?” என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவனே தலையைக் குனிந்துகொண்டான். மகள் என்னைப் பார்க்கவில்லை. டெஸ்க்கின் மேல் ஏதோ கீறலை நகத்தால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

குழாய்க்குப் பதில் பென்சில், ஓட்டுக்குப் பதில் நோட்டு அட்டை. வை, கையைப் பின்னால் கட்டு, நூறு எண்ணு, அப்புறம் எடு. முதல் முறை பதினெட்டில் பதினோரு கைகள் இரண்டாவது செகண்டில் போய்விட்டன. திரும்பவும் செய்தோம். சாயங்காலம்வரை செய்தோம். கடைசியில் எல்லாக் கைகளும் முதுகுக்குப் பின்னால் போய் நின்றன. உதடுகள் மட்டும் எண்ணிக்கொண்டிருந்தன. என் கைகளை அவர்கள் கைகளிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுப்பதுபோல இருந்தது.

வீட்டில் சாப்பிட்டு முடிக்கும்போது மகள், “அம்மாவுக்குத் தெரியுமா?” என்றாள்.

“தெரியும்.”

“எனக்கு மட்டும்தான் தெரியாதா?”

அவள் அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை விளங்கவில்லை. மகள் ஸ்பூனைத் தட்டில் வைத்தாள், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள், என்னைப் பார்த்தபடி எண்ணத் தொடங்கினாள். பயிற்சியா, கோபமா என்று தெரியவில்லை. நூறுவரை எண்ணிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வியாழக்கிழமை பள்ளிக்குள் வராதே என்று யாரும் சொல்லவில்லை. ஆய்வகத்துக்குள் வராதே என்றுதான் சொன்னார்கள். ஆய்வகத்தின் பக்கவாட்டுச் சந்தில், மூன்றாவது ஜன்னலுக்கு வெளியே நின்றேன். அழுக்கேறிய கண்ணாடி. இரண்டு வருடமாக அதை யாரும் துடைத்திருக்கவில்லை. துடைக்க வேண்டியவன் நான். என் மகளின் மேசை ஜன்னலிலிருந்து நாலடி தள்ளி. அவளுடைய வலது பக்கமும் முதுகும் எனக்குத் தெரிந்தன.

பர்னர்கள் எரிந்தன. பின்பெஞ்சுப் பையன் முதலில் வளைத்தான், வைத்தான், கையைப் பின்னால் கட்டினான். அடுத்தவள், அடுத்தவன். பந்து அண்ணன் நடுவில் நின்று ஓடுகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார், கோல் காக்கிறவர்போல. எல்லாக் கைகளும் பின்னால் இருந்தன. என் மகளும் வைத்தாள். கைகள் முதுகுக்குப் பின்னால் வந்தன. நானும் வெளியே எண்ணத் தொடங்கினேன்.

நாற்பதைத் தாண்டியிருப்பேன். அவளுடைய வலது கை பின்னாலிருந்து பிரிந்து முன்னால் போனது.

இதற்குப் பிறகுதான் எனக்கு நிச்சயமில்லை. அந்தக் கை ஓட்டை நோக்கிப் போனது என்றுதான் நான் கண்டேன். விரல் குழாயைத் தொட்டதையும் கண்டேன் என்றே நினைக்கிறேன். உள்ளங்கையால் கண்ணாடியில் ஓங்கி அறைந்தேன். அவள் தலை திரும்பியது. என்னைப் பார்த்தாள். பார்த்தபடியே குழாயின் வளைவை இரண்டு விரலால் தூக்கினாள், சுண்டுவிரலைச் சற்றே கோணலாக வைத்து. பிறகுதான் அவள் முகம் மாறியது.

குழாய் தரையில் விழுந்து உடைந்தது. பந்து அண்ணன் அவளைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினார். ஜன்னல் திறக்கவில்லை. மழையில் ஊறி இறுகியிருந்தது.

மருத்துவமனையில் கட்டுப் போட்ட பிறகு அவள் என்னிடம் ஒரே ஒருமுறை சொன்னாள். குரலில் குறை எதுவும் இல்லை.

“செங்கோணம் வரைஞ்ச பேப்பர் காத்துல நகர்ந்துச்சுப்பா. அதை இழுத்து வைக்கத்தான் கையை எடுத்தேன். நாப்பத்தேழு எண்ணியிருந்தேன். நீங்க தட்டினதும் திடுக்குன்னு ஆயிடுச்சு. கை தானாப் போயிடுச்சு.”

தொட்ட பிறகுதான் தட்டினேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அந்த அறையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம். அவளுடைய கட்டுப் போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். அது சூடாக இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

மற்ற பதினேழு பேர் கையிலும் ஒரு கொப்புளம்கூட இல்லை. எல்லோரும் தேறினார்கள். சூப்பர் ஹீரோ என்று கேட்டவன் மருந்துக் கடை வைத்திருக்கிறான். பந்து அண்ணனே இப்போது அந்த ஆய்வகத்தின் உதவியாளர். பிள்ளைகள் அவரை லேப் அண்ணா என்கிறார்கள். தலைமையாசிரியை ஓய்வு பெற்றார். வேதியியல் ஆசிரியை வேறு பள்ளிக்கு மாறிப்போனார். போகும் முன் என் வீட்டுக்கு வந்து, தேநீர் குடித்துவிட்டுப் போனார். பென்சில் கடிக்கிற பெண் பதினான்காம் சோதனையை வேறொருவரின் கைகளை வைத்து மறுபடி எடுத்தாள். அதில் நூறு எண்ணும்வரை நீலக் கைகள் அசையாமல் நிற்கின்றன. மற்ற முப்பதையும் ஆட்களை வைத்துச் சோதித்தார்கள். அவற்றில் தவறில்லை என்று என் கைகளையே வைத்துக்கொண்டார்கள். என்னை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஒரு பதிப்பகத்தின் கிடங்கில் கட்டுகளைப் பிரித்து அடுக்குகிறேன். என் மனைவி இன்னும் முழங்கையை விட்டுத்தான் தண்ணீர் பார்க்கிறாள். மகள் செய்முறைத் தேர்வைத் திரும்ப எழுதவில்லை. வேறு ஊரில் புள்ளியியல் படித்து, அங்கேயே வேலையில் இருக்கிறாள். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தழும்பு இருக்கிறது. பேனாவை நடுவிரலில் தாங்கிப் பிடிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்கிறாள். ஜன்னலைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.